மண்டையோட்டில் ஒரு துளை: வாசகர் கேள்விகள், கதிரியக்க மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். பெயரே வாயில் நுழையாது, எல்.சி.எச். என்று சுருக்கிக்கொள்வோம். மஜ்ஜையிலிருந்து கிளம்பும் ஒருவகைச் செல்கள் அளவு மீறிப் பெருகி எலும்பையும் சில சமயம் மற்ற உறுப்புகளையும் தாக்குகிற அரிய நோய் அது. 15 வயதுக்குட்பட்ட 10 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு வருகிற நோய் என்பதால், யார் எழுதிக் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன். ஆசிரியர் குழு ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பிவைத்துவிட்டது. குழந்தைகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. மருந்து எழுதுவது அல்ல. எனவே மருந்தளவு கேட்டிருந்தவர்கள் தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். படங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

என் மகனுக்கு 4 வயது. தலை துவட்டும்போது வலப்பக்கம் மெத்தென்று ஒரு புடைப்பு கையில் பட்டது. விழுந்த வீக்கம் என்று நினைத்தோம். வாரங்கள் ஆகியும் வற்றவில்லை. எக்ஸ்ரே அறிக்கையில் ‘எலும்பு அரிப்பு, எல்.சி.எச். ஆக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்? ‘இருக்கலாம்’ என்றால் அவர்களுக்கே தெரியாதா? – ஒரு தாய்

விழுந்த கதையை அநேகமாக எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள், அம்மா. 4 வயதுப் பிள்ளை விழாத நாள் ஏது? விழுந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் புடைப்பு கையில் தட்டுப்படுகிறது. புடைப்புக்குக் காரணம் விழுந்தது அல்ல. உங்களையோ, அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவரையோ நொந்துகொள்ள வேண்டாம்.

இனி படத்துக்கு வருவோம். மண்டையோடு ஒற்றைப் பலகை அல்ல. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் மஜ்ஜை நிறைந்த மென்மையான அடுக்கு. எல்.சி.எச். பெரும்பாலும் இந்த நடு அடுக்கில் தொடங்கி இரு பக்கமும் அரித்துக்கொண்டு போகிறது. இரு தகடுகளையும் அது ஒரே அளவில் அரிப்பதில்லை. ஒன்றில் துளை பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருக்கும். அதனால் துளையின் விளிம்பு செங்குத்தாக இல்லாமல் சரிவாக அமைகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோடு. காகிதத்தில் துளைப்பான் வைத்துக் குத்தியதுபோல் சட்டென்று முடிகிற ஓட்டை, அதற்கு இரட்டை விளிம்பு, சுற்றிலும் வெள்ளைக் கரை கிடையாது, சில சமயம் நடுவில் அரிபடாமல் மிஞ்சிய ஓர் எலும்புத் துணுக்கு. இவ்வளவும் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் மண்டையோட்டில் தெரிந்தால் எங்கள் வாயில் முதலில் வருகிற பெயர் எல்.சி.எச். தான்.

முதலில் வருகிற பெயர் என்றுதான் சொன்னேன். ஒரே பெயர் என்று சொல்லவில்லை. டெர்மாய்டு கட்டி ஓட்டை போடும். ஆனால் அது மெதுவாக வளர்வதால் சுற்றிலும் வெள்ளைக் கரை கட்டிவிடும், இருப்பிடமும் பெரும்பாலும் புருவத்தின் வெளி ஓரமோ, மண்டையோட்டின் இணைப்புக் கோடுகளின் பக்கமோதான். நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் அதுவும் அரிக்கும். அதன் விளிம்பு அவ்வளவு சுத்தமாக இருக்காது. எலும்பில் சீழ் பிடித்தாலும் அரிக்கும். ஆகவே ‘இருக்கலாம்’ என்று எழுதியவர் தெரியாமல் எழுதவில்லை, தெரிந்துதான் எழுதியிருக்கிறார். நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று படம் சொல்லும். என்ன நோய் என்று கடைசியாகச் சொல்ல வேண்டியது திசு ஆய்வு. அரிபட்ட இடத்திலிருந்து ஒரு துளி திசு எடுத்து, அந்தச் செல்களில் சி.டி.1ஏ, லாங்கரின் என்ற இரு புரதங்கள் இருக்கின்றனவா என்று நோயியல் நிபுணர் பார்ப்பார். இருந்தால் முடிவு உறுதி. இதில் சி.டி. என்பதற்கும் சி.டி. ஸ்கேனுக்கும் சம்பந்தமில்லை, பலர் குழம்புவதால் சொல்கிறேன்.

ஒரு யோசனை: அடுத்த படத்துக்கு அனுப்பும் முன், புடைப்பின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கதிர் இல்லை, மயக்க மருந்து இல்லை, பிள்ளை உங்கள் மடியிலேயே இருக்கலாம். எலும்பில் இடைவெளி, அதை நிரப்பிக்கொண்டு நிற்கும் கருமையான சதைத்திரள், அதற்குள் ஓடும் ரத்த ஓட்டம் எல்லாம் தெரியும். மூளை உறைவரை நோய் போயிருக்கிறதா என்பதற்கு மட்டும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஒரே ஓர் இடத்தில்தான் நோய். அதற்காகத் தலை முதல் கால் வரை படம் எடுக்கச் சொல்கிறார்கள். இது வீண் செலவு இல்லையா? – ஒரு தந்தை

இல்லை. ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது, ஐயா? கையில் பட்ட இடம் ஒன்று. அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும்.

இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எலும்பில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோலில் இருக்கும், நான்கில் ஒரு பங்கினருக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றையும் அது தொடலாம். இந்த மூன்றும்தான் ஆபத்தான உறுப்புகள். ஓர் எலும்பில் மட்டும் இருந்தால், சுரண்டி எடுத்துவிட்டோ, அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டோ, சில சமயம் ஒன்றுமே செய்யாமல் கண்காணித்தோ விட்டுவிடலாம். பல உறுப்புகளில் இருந்தால் வின்பிளாஸ்டினும் பிரெட்னிசோலோனும் சேர்ந்த சிகிச்சை ஏறத்தாழ ஓராண்டு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதைத் தீர்மானிக்கத்தான் முழு உடலையும் பார்க்கிறார்கள்.

ஆனால் முழு உடலையும் பார்ப்பது என்பதற்கு, இருக்கிற எல்லா இயந்திரத்துக்குள்ளும் பிள்ளையை அனுப்புவது என்று பொருளல்ல. தொடக்கத்தில் எல்லாக் குழந்தைக்கும் வேண்டியவை இவைதான்: எலும்புக்கூடு முழுவதற்குமான எக்ஸ்ரே வரிசை, மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனைகள். மார்பு எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்தாலோ, மூச்சு விடுவதில் தொல்லை இருந்தாலோதான் நெஞ்சுக்கு சி.டி. முகம், மண்டையடி (மண்டையோட்டின் அடித்தளம்) எலும்புகளில் நோய் இருந்தாலோ, அளவுக்கு மீறிய தாகம் இருந்தாலோதான் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ‘இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது, அந்தப் பதிலால் சிகிச்சை எப்படி மாறும்?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் சொல்ல முடியாத படம் வேண்டியதில்லை.

எக்ஸ்ரே வரிசை என்று சொன்னேன் அல்லவா? மண்டையோடு நேராகவும் பக்கவாட்டிலும், முதுகெலும்பு, மார்புக்கூடு, இடுப்பு, கை கால்கள் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரு முழுக் குழந்தையையும் ஒரே படத்துக்குள் அடக்கி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலா எலும்பில் 5 மில்லிமீட்டர் ஓட்டையை அதில் எப்படித் தேடுவது? அப்படி வருவதை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஒரு மருத்துவர் பெட் ஸ்கேன் என்கிறார், இன்னொருவர் முழு உடல் எம்.ஆர்.ஐ. என்கிறார், மூன்றாமவர் எலும்பு ஸ்கேன் போதும் என்கிறார். யாரை நம்புவது? – பெயர் வேண்டாம் என்கிற வாசகி

மூன்று பேரும் தாங்கள் வேலை செய்யும் இடத்தில் எது கிடைக்கிறதோ அதைச் சொல்லியிருக்கலாம். குறை சொல்லவில்லை, உலகெங்கும் நடப்பதுதான்.

எலும்பு ஸ்கேனை முதலில் தள்ளிவிடலாம். அதில் செலுத்தும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புது எலும்பு கட்டப்படுகிற இடத்தில்தான் போய்ச் சேரும். எல்.சி.எச். எலும்பை அரிக்கிறதே தவிர, பல சமயங்களில் பக்கத்தில் புது எலும்பு கட்ட விடுவதில்லை. எனவே எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற ஓட்டை, எலும்பு ஸ்கேனில் தெரியாமலே போகலாம்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்துகிறார்கள். சுறுசுறுப்பாக இருக்கும் நோய்ச் செல்கள் அதை வாரி விழுங்கிப் படத்தில் ஒளிர்கின்றன. எலும்பு, நிணநீர் முடிச்சு, தைமஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். அதைவிடப் பெரிய பயன், பழைய தழும்பையும் உயிரோடு இருக்கும் நோயையும் அது பிரித்துக் காட்டும். குறைகளும் உண்டு. மூளை எப்போதும் சர்க்கரை தின்றுகொண்டே இருப்பதால் அது படத்தில் எரிகிற அடுப்பாகத் தெரியும். அதை ஒட்டியிருக்கும் மண்டையோட்டு ஓட்டை அந்த வெளிச்சத்தில் மறையலாம். முள்ளெலும்புகளைப் பொறுத்தவரை எம்.ஆர்.ஐ. தான் மேல். குழந்தை குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கத்துக் கொழுப்பு சர்க்கரையை இழுத்துக்கொண்டு பொய்யாக ஒளிரும். போர்வையால் போர்த்தி வைக்கச் சொல்வது உபசாரத்துக்காக மட்டும் அல்ல.

முழு உடல் எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது. மஜ்ஜையில் இருக்கும் நோயையும், எலும்புக்கு வெளியே புடைத்த சதையையும் நன்றாகக் காட்டும். ஆனால் மூச்சோடு அசைகிற விலா எலும்புகளில் சிறிய ஓட்டைகளைத் தவறவிடும். வளரும் பிள்ளையின் சிவப்பு மஜ்ஜையை நோய் என்று மயங்கவும் இடமுண்டு. குழந்தைகளின் படங்களை அன்றாடம் பார்க்கிறவர் வேண்டும்.

பல எலும்புகளில் நோய் இருக்கும் என்ற சந்தேகம் வலுவாக இருந்து, இரண்டும் கிடைக்குமானால், தொடக்கத்தில் ஒரு பெட் ஸ்கேன் எடுத்து, பின்தொடர்தலுக்குக் கதிரில்லாத வழிகளை நாடலாம் என்பது என் கட்சி. பின்தொடர்தலை எந்த முறையில் தொடங்கினீர்களோ அதே முறையில்தான் பிறகு ஒப்பிடவும் முடியும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை இது, மறுதடவை அது என்று மாற்றிக்கொண்டே போனால் நோய் குறைந்ததா, இயந்திரம் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

7 வயது மகளுக்கு முதுகு வலி. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிச் சப்பையாகிவிட்டது என்கிறார்கள். காச நோய் என்றார் ஒருவர். புற்றுநோயாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். இப்போது எல்.சி.எச். என்கிறார்கள். அவள் இனி நிமிர்ந்து நடப்பாளா? – ஒரு தாய்

இதற்குத்தான் நான் மகிழ்ச்சியோடு பதில் எழுத முடிகிறது.

பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டிகள் அடுக்கியிருப்பதுபோல் முள்ளெலும்புகள் தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் மெல்லிய தகடாகிவிட்டிருக்கும். இப்போது அதன் மேலும் கீழும் உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். அங்கேதான் வட்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளிகள் குறையாமல் இருக்கின்றனவா? காச நோயும் மற்றக் கிருமித் தொற்றும் பெரும்பாலும் வட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். எல்.சி.எச். வட்டைத் தொடுவதில்லை. தகடாகிப்போன ஒற்றை எலும்பு, பழுதில்லாத வட்டுகள், சுற்றிலும் சீழ்ப்பை இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்றால் என் மனம் பாதி அமைதியாகிவிடும்.

1925இல் கால்வே என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தச் சப்பை முள்ளெலும்பை விவரித்தபோது, எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருகிறது என்று கருதப்பட்டது. திசு எடுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், குழந்தைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் எல்.சி.எச். என்று தெரியவந்தது.

இனி உங்கள் கேள்வி. எலும்பின் மேல், கீழ்ப் பரப்பில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பை இந்த நோய் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. நோய் தணிந்ததும் அந்தக் குருத்தெலும்பு தன் வேலையைத் தொடர்கிறது. சப்பையான எலும்பு ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்கிறது. முழு உயரமும் எல்லோருக்கும் திரும்புவதில்லை. ஆனால் கணிசமாகத் திரும்பும். வயது குறைவாக இருந்தால் வளர்ச்சிக்கு இன்னும் காலம் இருப்பதால் வாய்ப்பு அதிகம். என் மேஜையில் ஒரே பிள்ளையின் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது, தகடு மெல்ல மெல்ல எலும்பாகி எழுந்து வருவது தெரியும். இந்தத் தொழிலில் அலுப்புத் தட்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எம்.ஆர்.ஐ. ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் முதுகெலும்பு முழுவதற்கும். பின்பக்கமாகச் சதைத்திரள் நீண்டு தண்டுவடத்தை அழுத்துகிறதா, வேறு முள்ளெலும்புகளிலும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோயும் யூயிங் கட்டி என்ற எலும்புப் புற்றுநோயும் இதே வேஷம் கட்டும் என்பதால், சதைத்திரள் பெரிதாக இருந்தால் ஊசி மூலம் திசு எடுத்தே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாத, பார்த்தவுடன் தெரிகிற சப்பை எலும்பாக இருந்தால், குத்தாமல் நெருக்கமாகக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழியே; குத்தும்போது அந்தக் குருத்தெலும்பைக் காயப்படுத்திவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது. காலில் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

2 வயதுப் பேரனுக்குக் காதில் ஓயாமல் நீர் வடிகிறது. மருந்து விட்டும் நிற்கவில்லை. இதுவும் அந்த நோயாக இருக்குமோ? – ஒரு பாட்டி

பெரும்பாலும் இருக்காது, அம்மா. இந்த வயதில் காது வடிவதற்குச் சாதாரணக் காரணங்களே ஏராளம். ஆனால் முறையாக மருந்து எடுத்தும் வடிதல் நிற்காமல், காதுக்குப் பின்னால் வீக்கமும் வந்து, தலையில் பொடுகுபோல் செதில் செதிலான தடிப்பும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால், காது எலும்புக்கு ஒரு சி.டி. எடுக்கச் சொல்லலாம். காதுத் தொற்று எலும்பின் நுண்ணறைகளில் நீரை நிரப்பும்; எல்.சி.எச். அந்த அறைச் சுவர்களையே காணாமல் அடித்துவிடும். இரண்டு பக்கமும் அப்படியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மகளுக்கு 6 வயது. இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறாள், படுக்கை நனைகிறது. சர்க்கரை இல்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ‘தண்டு தடித்திருக்கிறது’ என்று அறிக்கை. என்ன தண்டு? – ஒரு தந்தை

மூளையின் அடிப்பக்கத்திலிருந்து பிட்யூட்டரி சுரப்பி ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. அந்தக் காம்பைத்தான் தண்டு என்று எழுதியிருக்கிறார்கள். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் மூளையில் உண்டாகி, அந்தக் காம்பு வழியாக இறங்கி, சுரப்பியின் பின்பகுதியில் சேமித்து வைக்கப்படுகிறது. காம்பில் நோய் புகுந்தால் ஹார்மோன் இறங்காது. சிறுநீரகம் தண்ணீரைத் தக்கவைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும். டயாபடிஸ் இன்சிபிடஸ் என்பது அதுதான். பெயரில் டயாபடிஸ் இருந்தாலும் சர்க்கரைக்கும் அதற்கும் உறவில்லை.

நாங்கள் பார்ப்பது நடுவாக்கில் பக்கவாட்டில் வெட்டிய மெல்லிய படம். காம்பின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். அதோடு இன்னொன்றையும் தேடுவோம்: டி1 என்ற வகைப் படத்தில் சுரப்பியின் பின்பகுதியில் அரிசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். சேமித்து வைத்த ஹார்மோனின் அடையாளம் அது. கிடங்கு காலியானால் புள்ளியும் மறைந்துவிடும். தாகத்தோடு வருகிற பிள்ளையின் படத்தில் என் கண் முதலில் போகிற இடம் அதுதான்.

தடித்த காம்பு என்றால் எல்.சி.எச். என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஜெர்மினோமா என்ற கட்டியும் இதே இடத்தில் இதே முகத்தோடு வரும். அந்தச் சின்னக் காம்பிலிருந்து திசு எடுப்பதோ ஆபத்தான வேலை. அதனால்தான் எங்கள் ஆட்கள் உங்கள் மகளின் எலும்புகளையும் தோலையும் துருவிப் பார்க்கிறார்கள். எடுப்பதற்கு எளிதான இடத்தில் நோய் கிடைத்துவிட்டால் தலையைத் தொடவே வேண்டாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் சில புரதங்களைச் சோதித்துவிட்டு, சில மாத இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ‘மறுபடியுமா?’ என்று சலித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள். இது வீண் படம் அல்ல. காம்பு தடிப்பதா மெலிவதா என்பதே இங்கே கேள்வி.

ஹார்மோன் குறைபாடு பெரும்பாலும் நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. டெஸ்மோபிரெசின் மருந்தால் அதைச் சமாளிக்கலாம்; பிள்ளை பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். கண்குழி, காது, மண்டையடி எலும்புகளில் எல்.சி.எச். இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் குறைபாடு பிற்பாடு வருகிற வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்களுடைய பெற்றோர் தாகத்தின்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுமூளையில் இரு பக்கமும் ஒத்த மாற்றங்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரியும், நடையில் தள்ளாட்டம், கையெழுத்தில் மாற்றம், படிப்பில் பின்தங்குதல் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சோம்பல் என்று விட்டுவிட வேண்டாம்.

இது புற்றுநோயா, இல்லையா? ஒரு புத்தகத்தில் மூன்று நோய்களாகப் பிரித்திருக்கிறார்கள். இன்னொன்றில் ஒரே நோய் என்கிறார்கள். – செவிலியர் கல்லூரி மாணவி

1893இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் ஹாண்ட் அடங்காத தாகத்தோடு வந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்; காச நோய் என்று நினைத்தார். 1915இல் வியன்னாவின் ஆர்தர் ஷூலர் தேசப்படம்போல் ஓட்டைகள் விழுந்த மண்டையோட்டை எக்ஸ்ரேயில் காட்டினார். ஷூலர் எங்கள் குலத்து மூத்தவர், எக்ஸ்ரே வைத்து மூளை நோய்களை ஆராய வழி போட்டவர். நாஜிகளுக்குத் தப்பி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். இந்த இருவரோடு கிறிஸ்டியன் என்ற மருத்துவரின் பெயரும் சேர்ந்து ஒரு நோயாயிற்று. லெட்டரர், ஸீவே என்ற இரு மருத்துவர்கள் கண்ட கடுமையான வகை இன்னொரு நோயாயிற்று. ஒற்றை எலும்பில் வருவது ஈசினோஃபிலிக் கிரானுலோமா என்று மூன்றாவதாயிற்று. 1953இல் லிக்டன்ஸ்டைன் என்ற நோயியல் நிபுணர் மூன்றும் ஒன்றே என்று சொல்லி ‘ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்’ என்றார். 1987இல் இப்போதைய பெயர் வந்தது. உங்கள் முதல் புத்தகம் பழையது.

புற்றுநோயா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2010இல், ஆராயப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் நோய்ச் செல்களில் பி.ராஃப் என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பது கண்டறியப்பட்டபின், மஜ்ஜையிலிருந்து கிளம்பும் கட்டி வகை நோய் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஆனால் நோய் தானாகவே மறைவதும் உண்டு. பெற்றோர் உங்களைக் கேட்டால், ‘புற்றுநோய் மருத்துவர்கள் பார்க்கிற நோய், பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை.

சிகிச்சை தொடங்கி 3 மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் ஓட்டை அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? – ஒரு தாய்

வலி குறைந்ததா, நொண்டுவது நின்றதா, வீக்கம் வற்றியதா? ஆம் என்றால் கவலைப்பட வேண்டாம். நோய் அடங்கிய பிறகுதான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளத் தொடங்கும். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். முதலில் ஓட்டையின் கூர்மையான விளிம்பு மங்கும், பிறகு ஓரத்தில் வெண்மை படியும், அதன்பின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரம்பும். உங்கள் படத்தில் விளிம்பு மங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டையின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். புதிய இடத்தில் புதிய ஓட்டை, அல்லது எலும்புக்கு வெளியே பெருக்கும் சதை, இவைதான் கெட்ட சேதி.

இத்தனை எக்ஸ்ரே, சி.டி. எடுத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் வேறு புற்றுநோய் வராதா? – ஒரு தாத்தா

நியாயமான பயம்; அளவு தெரிந்தால் பாதி குறையும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே வருகிற கதிர் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (கதிரளவை அளக்கும் அலகு). ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.02, அதாவது இயற்கை 3 நாளில் தருவது. தலைக்கு ஒரு சி.டி. ஏறத்தாழ 2. பெட் ஸ்கேனோடு சி.டி.யும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு போகலாம். எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டியதில்லை, சி.டி.யையும் பெட் ஸ்கேனையும் எண்ணிச் செலவழிக்க வேண்டும். வளரும் செல்கள் கதிருக்கு எளிதில் ஆட்படும் என்பதால், குழந்தையின் எடைக்கேற்பக் கதிரளவைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. எடுத்த படங்களின் குறுந்தகட்டை எல்லா மருத்துவமனைக்கும் கொண்டுபோங்கள், அறிக்கைத் தாளை மட்டும் அல்ல. படம் கையில் இல்லாததால்தான் பாதிப் படங்கள் திரும்ப எடுக்கப்படுகின்றன.

மகனுக்கு 3 வயது. எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டுமா? – ஒரு தாய்

இந்த வயதில் பெரும்பாலும் ஆம். அரை மணிக்கு மேல் அசையாமல் கிடக்க மாட்டான். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பாவம் என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அன்றைய ஸ்கேன் போயிற்று. கைக்குழந்தைகளுக்கு வேறு வழி உண்டு: வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூங்க வைத்து எடுத்துவிடுவோம்.

எனக்கு 10 வயது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது? உள்ளே என்ன உடைகிறது? – எல்.சி.எச். உள்ள ஒரு மாணவன்

ஒன்றும் உடைவதில்லை, தம்பி. நீ படுத்திருக்கும் குழாயைச் சுற்றி மிகப் பெரிய காந்தம் இருக்கிறது. 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு) இயந்திரமாக இருந்தால், பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் வேறு சில கம்பிச் சுருள்களும் உண்டு. உன் உடம்பில் எந்த இடத்திலிருந்து சமிக்ஞை வருகிறது என்று கண்டுபிடிக்க, அந்தச் சுருள்களில் மின்சாரத்தை ஒரு நொடிக்குள் பல முறை மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். பெரிய காந்தத்துக்குள் மின்சாரம் பாயும் கம்பி இருந்தால் காந்தம் அதைத் தள்ளும். தள்ளும்போதெல்லாம் சுருள் அதிர்கிறது. அதுதான் அந்தத் தடதட சத்தம். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் தாளம் மாறும், கவனித்துப் பார். காது அடைப்பானும் அதன்மேல் ஹெட்ஃபோனும் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அதை அமுக்கினால் உடனே நிறுத்திவிட்டு உன்னிடம் பேசுவார்கள். தொடங்கும் முன்பே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடு.